நிய்யத்தும் கணக்கும்

2017 நவம்பர் 4. ரியாத் நகரின் ரிட்ஸ் கார்ல்டன் ஓட்டல் விருந்தினர்களை அனுப்பிவிட்டுச் சிறைச்சாலையாக மாறியது. ஊழலை ஒழிக்க உயர்நிலைக் குழு ஒன்றை அமைத்துச் சவூதி மன்னர் சல்மான் அன்றுதான் அரசாணை பிறப்பித்திருந்தார். குழுவின் தலைவர், அவருடைய மகனும் பட்டத்து இளவரசருமான முஹம்மது பின் சல்மான். கைது செய்யவும், கணக்குகளை முடக்கவும், வெளிநாட்டுப் பயணத்தைத் தடுக்கவும் குழுவுக்கு அதிகாரம் இருந்தது. சில மணி நேரத்தில் இளவரசர்களும் அமைச்சர்களும் பெரும் பணக்காரர்களும் உள்ளே இருந்தார்கள். உலகப் புகழ்பெற்ற முதலீட்டாளர் அல்வலீத் பின் தலாலும், பின்லாதின் கட்டுமானக் குழுமத்தின் பக்ர் பின்லாதினும் அவர்களில் இருவர்.

சவூதி இளைஞர்கள் பலர் மகிழ்ந்தார்கள். பெரிய ஒப்பந்தம் என்றால் அதில் யாரோ ஓர் இளவரசருக்குப் பங்கு போகும் என்ற பேச்சு அங்கே நெடுங்காலமாக உண்டு. மூத்த மார்க்க அறிஞர்களின் சபையும், ஊழலை எதிர்ப்பது பயங்கரவாதத்தை எதிர்ப்பதைப் போலவே முக்கியம் என்று ஆதரவு தெரிவித்தது. ஆனால் அந்த ஆதரவை எடைபோடும்போது ஒன்றை மறக்கக் கூடாது: இரண்டு மாதம் முன்புதான் சல்மான் அல் அவ்தா உள்ளிட்ட மார்க்க அறிஞர்கள் சிலர் கைதாகியிருந்தார்கள்.

பிடிபட்டவர்களில் சிலராவது உண்மையிலேயே பொதுப்பணத்தைத் தின்றவர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிடித்தவரின் நோக்கம் தன் அதிகாரத்தைப் பெருக்குவது என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் நடந்தது நீதியா?

நோக்கத்தைச் சந்தேகிக்கக் காரணம் இருந்தது. சவூதியின் ஆயுத பலம் அதுவரை அரச குடும்பத்தின் மூன்று கிளைகளிடம் பிரிந்து கிடந்தது. பாதுகாப்பு அமைச்சகம் 2015 முதல் முஹம்மது பின் சல்மானிடம் இருந்தது. உள்துறையை வைத்திருந்த முஹம்மது பின் நாயிஃப் 2017 ஜூனில் பட்டத்து இளவரசர் பதவியோடு அதையும் இழந்தார். எஞ்சியது தேசியக் காவல் படை. அதன் அமைச்சர், மறைந்த மன்னர் அப்துல்லாஹ்வின் மகன் முத்இப், அந்த நவம்பர் இரவில்தான் நீக்கப்பட்டுக் கைதானார்.

இஸ்லாமிய மரபில் நிய்யத்துக்கு, அதாவது எண்ணத்துக்கு, முதலிடம். புகாரியின் ஹதீஸ் தொகுப்பே செயலுக்கு எண்ணத்தை அளவுகோலாக்கும் ஹதீஸோடுதான் தொடங்குகிறது. 1785இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்டும் இதே இடத்துக்கு வந்தார். வாடிக்கையாளர் போய்விடக் கூடாதே என்று நியாய விலை சொல்லும் கடைக்காரரின் செயல் சரியானது, ஆனால் அதில் அறத்தின் மதிப்பு இல்லை என்பது அவர் வாதம். ஆனால் பொருள் வாங்க வந்தவருக்குக் கடைக்காரரின் மனம் எதற்கு? விலை சரியாக இருந்தால் போதும். ஆட்சியாளரின் நெஞ்சை இறைவன் பார்த்துக்கொள்ளட்டும். குடிமக்கள் கேட்கக்கூடியது கணக்கை.

அந்தக் கணக்கை எப்படிக் காட்டுவது என்பதை இஸ்லாமிய அரசியல் சிந்தனை பழங்காலத்திலேயே யோசித்திருக்கிறது. அதிகாரம் படைத்தவர்கள் மீதான முறையீடுகளை ஆட்சியாளரே விசாரிக்கும் மன்றத்துக்கு 'மழாலிம்' என்று பெயர். பதினோராம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் அல் மாவர்தி அதற்கு ஒரு நிபந்தனை வைத்தார்: காவலர், காஜிகள், சட்ட அறிஞர்கள், எழுத்தர்கள், சாட்சிகள் என ஐந்து வகையினர் கூடியிருக்க வேண்டும். ரிட்ஸ் கார்ல்டனில் வெளியுலகுக்குத் தெரிந்தவர்கள் காவலர்கள் மட்டுமே.

2018 ஜனவரியில் அரசுத் தலைமை வழக்கறிஞர் எண்களை வெளியிட்டார். அழைக்கப்பட்டவர்கள் 381 பேர். மீட்கப்பட்ட சொத்தின் மதிப்பு 40,000 கோடி ரியாலுக்கு மேல். யார் எதைத் திருடினார், எதைத் திருப்பிக் கொடுத்தார் என்ற விவரம் இல்லை. காவலில் வைக்கப்பட்டவர்கள் துன்புறுத்தப்பட்டதாகவும், பதினேழு பேர் மருத்துவமனைக்குப் போக நேர்ந்ததாகவும், ஒருவர் இறந்ததாகவும் நியூயார்க் டைம்ஸ் எழுதியது. சவூதி அரசு மறுத்தது. தீர்ப்பு இல்லாததால் குற்றவாளியின் குற்றம் நிரூபணமாகவில்லை. நிரபராதி யாராவது இருந்திருந்தால் அவர் பெயரும் துலங்கவில்லை. பறிகொடுத்த மக்களுக்குத் தெரிந்தது ஒரு மொத்தத் தொகை மட்டும்.

அரச குடும்பத்தில் பிறந்த ஒருவர் அந்தக் குடும்பத்தின் சொத்துக் குவிப்பைத் தட்டிக் கேட்ட கதை முஸ்லிம்களுக்குப் புதிதல்ல. 717 முதல் 720 வரை ஆண்ட உமய்யா கலீஃபா உமர் இப்னு அப்துல் அஸீஸ், உறவினர்கள் வளைத்துப்போட்ட நிலங்களை மீட்டார். முதலில் கைவைத்தது தனக்கு வந்த சொத்தில். மனைவி ஃபாத்திமாவின் நகைகளும் பைத்துல்மால் என்ற பொதுக் கருவூலத்துக்குப் போயின என்கிறது வரலாற்று மரபு. முஹம்மது பின் சல்மானிடம் 2018 மார்ச்சில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்று அவருடைய சொந்தச் செலவுகளைப் பற்றிக் கேட்டது. தான் பணக்காரர்தான், காந்தியோ மண்டேலாவோ அல்ல என்றார். 2015இல் 30 கோடி டாலருக்கும் மேல் விலைபோன பிரெஞ்சு மாளிகையின் உரிமையாளர் அவர்தான் என்று அதற்குச் சில மாதம் முன்பு செய்தி வந்திருந்தது. அரச குடும்பத்தின் பணப்பை எங்கே முடிகிறது, நாட்டின் கருவூலம் எங்கே தொடங்குகிறது என்ற கேள்வியைத் தொடாமலேயே ஊழல் விசாரணை முடிந்துபோனது.

2019 ஜனவரியில், 87 பேருடன் உடன்பாடு எட்டப்பட்டதாகச் சொல்லி அரசவை இந்த நடவடிக்கையை முடித்துவைத்தது. அடுத்த ஆண்டு மார்ச்சில் மன்னரின் தம்பி அஹ்மதும் முஹம்மது பின் நாயிஃபும் காவலில் வைக்கப்பட்டபோது செய்திகளில் அடிபட்ட காரணம் ஊழல் அல்ல, தேசத்துரோகம்.