கூட்டரசின் விலையைக் கொடுத்தவர்கள்

தம் மண்ணிலேயே சிறுபான்மையாகிவிடுவோம் என்று ஒரு மக்கள் அஞ்சினால், அந்த அச்சத்தை மதிக்க வேண்டுமா? மதிக்கத்தான் வேண்டும். 1946-இல், குடியேறியவர்களுக்கும் எளிதாகக் குடியுரிமை தரும் மலாயன் யூனியனைப் பிரிட்டன் திணித்தபோது மலாய்க்காரர்கள் கொதித்தெழுந்ததில் நியாயம் இருந்தது. சுல்தான்களிடம் அவசரமாகக் கையொப்பம் வாங்கினார்களே தவிர, மக்களிடம் எவரும் கேட்கவில்லை. அதற்கு முன்பு ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து ஆயிரமாயிரமாய் ஆட்களைக் கொண்டுவந்தபோதும் கிராமத்து மலாய் விவசாயியை யாரும் கேட்டதில்லை.

அச்சம் நியாயமானதே, அதைத் தீர்க்கும் செலவை யார் தலையில் கட்டினார்கள் என்பதில்தான் அறம் பிழைத்தது. ஆங்கில அதிகாரிகளும் சுல்தான்களின் பிரதிநிதிகளும் மலாய்க்காரர்களின் கட்சியான அம்னோவின் தலைவர்களும் பேசி முடித்த ஏற்பாடாக, 1948 பிப்ரவரி 1 அன்று மலாயாக் கூட்டரசு பிறந்தது. குடியேறியவர்களுக்குக் குடியுரிமை இறுகியது. நீண்டகால வசிப்புடன் மலாய் அல்லது ஆங்கில அறிவும் வேண்டும் என்றார்கள். தோட்டப் பள்ளிக்கு மேல் எதையும் காணாத தொழிலாளி அந்த மொழியறிவை எங்கே போய்ப் பெறுவது? லண்டன் கம்பெனிகளின் தோட்டங்களோ அப்படியே இருந்தன. குடியேற்றத்தால் லாபம் கண்டவன் ஒன்றும் இழக்கவில்லை; பால்மரம் சீவியவன் அந்நியனானான்.

சொந்த இனம் காக்கும் என்ற நம்பிக்கையும் அவனுக்கு இருக்க முடியாது. 1941-இல் கிள்ளான் தோட்டத் தமிழர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கை. அவர்களை அடக்க இறக்கப்பட்டது இந்தியப் படை.

வேறு வழி இல்லை என்று சொல்லவும் இடமில்லை. 1947-இல் இடதுசாரி மலாய் அமைப்புகளின் கூட்டணியான புத்ராவும், தான் செங் லோக் தலைமையிலான அகில மலாயா கூட்டு நடவடிக்கைக் கவுன்சிலும் சேர்ந்து ஒரு மக்கள் அரசியல் சட்டத்தை வரைந்தன. எல்லாருக்கும் ‘மெலாயு’ என்ற ஒரே தேசிய அடையாளம், மலாய் ஆட்சிமொழி, தொடக்க ஆண்டுகளில் சட்டமன்றத்தில் மலாய்க்காரர்களுக்கு 55 விழுக்காட்டு இடம். மலாய்க்காரரின் அச்சத்துக்கு மலாய் இடதுசாரிகளும் மற்றவர்களும் சேர்ந்து சொன்ன விடை அது. மலாய்க்காரர்களில் பெரும்பாலோர் அம்னோவையே நம்பினார்கள் என்பது உண்மைதான். ஆனால் இந்த வரைவை மக்கள் முன் வைத்துக் கேட்டுப் பார்க்கும் மனமும் ஆட்சியாளருக்கு இல்லை. கூட்டரசுத் திட்டத்தை எதிர்த்து அவ்வாண்டு அக்டோபர் 20-ஆம் தேதி நாடெங்கும் நடந்த ஹர்த்தாலுக்கும் அவர்கள் அசையவில்லை.

1948 ஜூனில் அவசரநிலை வந்தது. கம்யூனிஸ்டுகளின் துப்பாக்கியை அடக்குவது அரசின் கடமை என்று வாதிடலாம். தொழிற்சங்க சம்மேளனத்தையே தடை செய்ததற்கு அந்த வாதம் போதாது. அதன் தலைவராயிருந்த தஞ்சைத் தமிழர் கணபதி 1949 மே 4 அன்று தூக்கிலிடப்பட்டார். மலாய்க்காரருக்குப் பட்ட கடனைப் பேரரசும் முதலாளிகளும் தீர்த்திருக்க வேண்டும். அதைக் கூலிக்காரனிடம் வசூலித்தது அநீதி.