விரியும் குண்டும் வேட்டை அறமும்

பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தைக் கேரள அரசு 2022இல் ஊராட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களிலும் இதனால் எழும் அறவினா, எத்தகைய துப்பாக்கிக் குண்டால் சுடுவது என்பதாகும்.

உடலுள் விரியும் குண்டை 1899ஆம் ஆண்டின் ஹேக் அறிவிப்பு போரில் விலக்கியது. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டமோ மானைச் சுட அதனையே விதித்தது. இது முரண்போலத் தோன்றினும் முரணன்று. போரில் பகைவனைச் செயலிழக்கச் செய்தலே போதும். அவன் பிழைத்தல் கூடும். வேட்டையிலோ சாவே குறி. ஆதலின் நோவு நீளாமையே அறம். விரியாக் குண்டு துளைத்துக் கடப்பின், விலங்கு புண்ணோடு ஓடி நெடிது வருந்தி மடிதல் கூடும்.

ஓரம்பு பல விலங்குகளைத் துளைத்ததைப் புறநானூற்றின் 152ஆம் பாடல் வல்வில் ஓரியின் பெருமையாகக் காட்டுகிறது. அங்கு அளவுகோல் எய்தவன் ஆற்றல். இங்கு அளவுகோல் சுடப்படும் உயிரின் நோவு. கொல்ல இசையும் ஆணை, கொல்லும் முறைக்கும் பொறுப்பேற்றல் வேண்டும்.