தோல்விக்கு ஒருவனே காரணமா?

உலகில் எச்செயலும் ஒரே காரணத்தால் நிகழ்வதில்லை. விதை நன்றாயிருந்தும் மழை பொய்த்தால் பயிர் இல்லை. மழை பெய்தும் உழவன் காலத்தில் களையெடுக்காவிடில் விளைச்சல் இல்லை. இதனைச் சிறுவரும் அறிவர். ஆயினும் நாம் பெரிதும் விரும்பிய ஒன்று கைநழுவும்போது இவ்வறிவு நம்மை விட்டு அகன்றுவிடுகிறது. "யாரால் கெட்டது?" என்று கேட்கிறோம். ஒரு பெயர் கிடைத்தவுடன் நம் மனம் ஆறுதல் கொள்கிறது. அப்பெயருக்கு உரியவர் என்ன ஆனார் என்று நாம் திரும்பிப் பார்ப்பதில்லை.

விளையாட்டுத் திடல் இக்குணத்தை வெளிப்படையாகக் காட்டும் இடமாகும். ஆகவே அங்கு நிகழ்ந்த ஒன்றை எடுத்துக்கொண்டு சிந்திப்போம்.

மரக்கானாவில் நடந்தது

1950-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டி பிரேசில் நாட்டில் நடைபெற்றது. இறுதிச் சுற்றில் நான்கு அணிகள் ஒன்றோடொன்று மோதின. பிரேசில் அணி ஸ்வீடனை 7-1 என்றும், ஸ்பெயினை 6-1 என்றும் வென்றிருந்தது. ஜூலை 16 அன்று ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில் உருகுவே அணியுடன் கடைசி ஆட்டம். அதனைச் சமன் செய்தாலே பிரேசிலுக்குக் கோப்பை கிடைத்துவிடும். ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர் அரங்கில் கூடியிருந்தனர். ஆட்டம் தொடங்கும் முன்பே பிரேசில் வீரர்களை உலக வாகையர் என்று அறிவித்துப் படம் வெளியிட்ட நாளிதழும் உண்டு.

இடைவேளைக்குப் பின் பிரேசில் முதல் கோலை அடித்தது. 66-ஆவது நிமிடத்தில் உருகுவேயின் கிஜ்ஜியா வலப்பக்கமாக விரைந்து வந்து பந்தை நடுவில் தள்ள, ஸ்கியாபினோ அதனைக் கோலாக்கினார். 79-ஆவது நிமிடத்தில் கிஜ்ஜியா மீண்டும் அதே வலப்பக்கத்தில் வந்தார். முன்போலவே பந்தை நடுவில் தள்ளுவார் என்று எதிர்பார்த்த பிரேசிலின் கோல்காப்பாளர் மோஆசிர் பார்போசா, கம்பத்தை விட்டு ஓரடி விலகினார். கிஜ்ஜியா அந்த இடைவெளியிலேயே பந்தைச் செலுத்தினார். உருகுவே 2-1 என்று வென்றது.

பார்போசாவுக்கு அப்போது வயது 29. முந்தைய ஆண்டில்தான் தென் அமெரிக்கப் போட்டியில் பிரேசிலுக்கு வெற்றி தேடித்தந்த அணியில் அவர் இருந்தார். மரக்கானா தோல்விக்குப் பின் நாட்டின் அணிக்காக ஒரே ஒரு முறை, 1953-இல், ஆடினார். பல ஆண்டுகள் கழிந்தும் கடையில் அவரைக் கண்ட ஒரு தாய், நாட்டையே அழவைத்தவர் இவர்தாம் என்று தன் மகனுக்குக் காட்டினாளாம். 1993-இல் பிரேசில் அணியின் பயிற்சி முகாமுக்குச் சென்றபோது, அவர் வருகை தீய சகுனமாகிவிடும் என்று அஞ்சி அவரை வீரர்களிடம் நெருங்கவிடவில்லை. தம் நாட்டுச் சட்டத்தில் மிகப் பெரிய தண்டனையே 30 ஆண்டுதான், தாமோ 50 ஆண்டுகளாக அனுபவித்துவருவதாக அவர் மனம் நொந்து கூறியதுண்டு. 2000-ஆம் ஆண்டு ஏப்ரலில் அவர் காலமானார். அதற்குள் பிரேசில் 1958, 1962, 1970, 1994 என நான்கு முறை உலகக் கோப்பையை வென்றுவிட்டது. நான்கு வெற்றிகளும் அவர் தலைமேல் இருந்த பழியைக் குறைக்கவில்லை.

உண்மைக் காரணங்கள்

இனி அமைதியாக எண்ணிப் பார்ப்போம். முந்தைய இரண்டு ஆட்டங்களில் 13 கோல் அடித்த முன்னணி வீரர்கள் அன்று ஒரே கோல் அடித்தனர். முதல் கோல் வந்த அதே வலப்பக்க வழியை அடுத்த 13 நிமிடத்தில் ஒருவரும் அடைக்கவில்லை. ஆட்டம் முடியுமுன்பே வெற்றி விழா எடுத்தவர்கள் வீரர்கள் தலையில் எத்துணைப் பாரத்தை ஏற்றியிருப்பர்! இவையாவற்றுக்கும் மேலாக உருகுவே அணி நன்கு ஆடியது. பார்போசாவால் தோற்றோம் என்று கூறும்போது கிஜ்ஜியாவின் திறமைக்கு உரிய பெருமையையும் நாம் பறித்துவிடுகிறோம்.

மேலும், பார்போசா எடுத்த முடிவு அறிவில்லாத முடிவன்று. முதல் கோல் எவ்வாறு வந்தது என்பதைக் கண்டவர், அதனையே எதிர்பார்த்தார். பந்து நடுவில் வந்திருந்தால் அவருடைய முன்யோசனையை ஊரே புகழ்ந்திருக்கும். விளைவைக் கண்டபின் செயலை அளப்பது எளிது. செய்யும் கணத்தில் நின்று அளப்பதே நீதி.

தொலைவிலுள்ள நாட்டின் கதை என்று இதனை ஒதுக்கிவிட இயலாது. 1986 ஏப்ரல் 18 அன்று ஷார்ஜாவில் நடந்த ஆஸ்திரல்-ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தை நம்மில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். கடைசிப் பந்தில் பாகிஸ்தானுக்கு 4 ஓட்டங்கள் தேவை. சேதன் சர்மா வீசிய பந்தை ஜாவேத் மியாண்டாட் சிக்ஸராக அடித்தார். அன்று இந்தியா எடுத்த 245 ஓட்டங்களில் கவாஸ்கர் 92, ஸ்ரீகாந்த் 75, வெங்சர்க்கார் 50 என மூவர் மட்டும் 217 எடுத்தனர். எஞ்சியோர் அனைவரும் சேர்த்தது, உதிரி ஓட்டங்கள் உட்பட, 28 மட்டுமே. மியாண்டாட் ஆட்டமிழக்காமல் 116 எடுத்தார். அன்று மூன்று விக்கெட்டுகளை வீழ்த்தியவரும் சேதன் சர்மாவே. அப்போது அவருக்கு வயது 20. இவற்றை எல்லாம் மறந்து அந்த ஒரு பந்தை மட்டும் நாம் நினைவில் வைத்தோம். மறு ஆண்டே நாகபுரியில், உலகக் கோப்பை வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கை அவர் எடுத்தார். ஆயினும் அவர் பெயரைக் கேட்டவுடன் பலர் வாயில் முதலில் வருவது ஷார்ஜாதான்.

தவறும் பழியும்

அவ்வாறாயின் தவறு செய்தவரைத் தவறே செய்யவில்லை என்று கூற வேண்டுமா? வேண்டியதில்லை. அதுவும் பொய்யே ஆகும். கம்பத்தருகே இடைவெளி விட்டது பார்போசாவின் பிழை. கடைசிப் பந்து குறி தவறியது சேதன் சர்மாவின் பிழை. பயிற்சியாளர் அதனைச் சுட்டிக்காட்டலாம், சுட்டிக்காட்டவும் வேண்டும். பிழையைப் பிழையின் அளவில் சொல்வது உண்மை. முழுத் தோல்வியையும் அதன்மேல் ஏற்றுவது பொய். அப்பொய்யைக் கொண்டு ஒருவரை வாழ்நாள் முழுதும் வருத்துவது இம்சை.

வெற்றி பெற்ற நாளில் நம் பேச்சைக் கவனியுங்கள். "நாம் வென்றோம்" என்கிறோம். நாம் ஓடவும் இல்லை, பந்தைத் தொடவும் இல்லை. ஆயினும் வெற்றியில் பங்கு கொள்கிறோம். தோற்ற நாளிலோ "அவன் தோற்கடித்தான்" என்கிறோம். இன்பத்தில் பங்கு கேட்பவர் துன்பத்தில் மட்டும் விலகிக்கொள்வது எவ்வகை உறவு?

"நான் ஒருவன் சொன்ன சொல்லால் அவருக்கு என்ன கேடு வந்துவிடும்?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒவ்வொருவரும் எறிவது ஒரு சிறு கல்லே. எறிந்தவர் வீட்டுக்குச் சென்று உணவருந்தி உறங்கிவிடுவார். ஆனால் எல்லாக் கற்களும் சென்று விழுவது ஒரே மனிதர்மேல். தீவினை மனம், மொழி, மெய் என்னும் மூன்றாலும் நிகழும் என்றும், தானே செய்தல், பிறரைக்கொண்டு செய்வித்தல், செய்வோர்க்கு உடன்படுதல் என மூவகைப்படும் என்றும் நம் அறநெறி வகுத்துள்ளது. கடையில் மகனுக்குப் பார்போசாவைச் சுட்டிக்காட்டிய அத்தாய் யாரையும் அடிக்கவில்லை. ஆயினும் அச்சொல் அவர் நெஞ்சில் இறுதிவரை தங்கியது. அருகில் நின்று தலையசைத்தவர்க்கும் அதில் பங்கு உண்டு.

2014-இல் பிரேசில் தன் மண்ணிலேயே ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்றபோது, இனிப் பார்போசா விடுதலை பெற்றார் என்று அந்நாட்டில் பலர் பேசினர். அவர் மறைந்து 14 ஆண்டுகள் ஆகியிருந்தன. பழியேற்க வேறு சிலர் கிடைத்த பிறகே பழையவர்மேல் இரக்கம் பிறந்தது. இதனை மன்னிப்பு என்று கூற நம் நா எழவில்லை.

நம் வீட்டுத் திடல்

விளையாட்டைக் காணும் பிள்ளைகள் ஆட்டத்தை மட்டும் கற்பதில்லை. தொலைக்காட்சியின் முன் அமர்ந்து நாம் உதிர்க்கும் சொற்களையும் கற்கின்றனர். கூட்டு வணிகம் நொடித்தால் ஒரு தம்பியையும், திருமணம் தடைப்பட்டால் ஒரு மருமகளையும், மதிப்பெண் குறைந்தால் ஓர் ஆசிரியரையும் கைகாட்டும் வழக்கம் நம் வீடுகளில் இல்லையா? பெயர் சூட்டப்பட்டவர் பந்தியிலும் விழாவிலும் ஒதுங்கி நிற்பதை நாம் கண்டதில்லையா?

ஆகவே அடுத்த முறை நாம் விரும்பும் அணி தோற்கும்போது, யாரால் என்று கேட்குமுன் எவற்றால் என்று கேட்போம். பிழை செய்த இளைஞனின் வயதையும் அவன் முன்பு ஆடிய நல்ல ஆட்டங்களையும் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்வோம். அன்றிரவு அவன் எவ்வாறு உறங்குவான் என்று ஒரு கணம் எண்ணுவோம். அவ்வாறு எண்ணப் பழகிய வீட்டில், பிழை செய்த தம்பியும் அச்சமின்றி வந்து பந்தியில் அமர்வான்.