கையொப்பத்தின் கனம்

வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, தொலைவிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் வேதியியலில் முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருந்த உறவினர் பெண் ஒருத்தி, சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது நம்மிடம் ஓர் ஐயம் கேட்டாள். அவளுடைய ஆய்வகத்தில் மூத்த மாணவர் ஒருவர் கட்டுரை எழுதி முடித்திருந்தார். அதில் அவள் பெயரையும் சேர்க்கப்போவதாக நெறியாளர் கூறியிருந்தார். அக்கட்டுரைக்குரிய அளவீடு எதையும் அவள் எடுக்கவில்லை. குறிப்பேட்டைக் கண்ணால் பார்த்ததும் இல்லை. பதிலுக்கு, அவள் எழுதும் கட்டுரையில் அம்மாணவர் பெயரும், அந்த ஆய்வகத்துக்குள் காலடி வைத்தே இராத துறைப் பெரியவர் ஒருவர் பெயரும் இடம்பெறும்.

"நான் பொய் ஒன்றும் எழுதவில்லையே, மாமா? பெயரைத்தானே கொடுக்கிறேன்? இதில் தவறு உண்டா?" என்றாள்.

நாம் சற்றும் யோசிக்காமல், "பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு நடந்துகொள், அம்மா. பட்டத்தை வாங்கிக்கொண்டு வெளியே வா, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டோம். அவளும் தலையசைத்துவிட்டுப் போனாள். சொன்ன விடை அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. நம் ஊர்களில் கடன் பத்திரத்துக்குச் சாட்சிக் கையெழுத்துக் கேட்டு வந்தால், பணம் கைமாறியதைப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டார்கள் மூத்தோர். எழுத்தறிவு குறைந்திருந்த அக்காலத்தில்கூட அந்த எச்சரிக்கை இருந்தது. ஐயாயிரம் ரூபாய்க் கடனுக்கு நாம் கடைப்பிடிக்கும் நெறியை, உலகமே படித்து நம்பப்போகும் ஆய்வுக் கட்டுரைக்கு வேண்டாம் என்று ஒரு சிறு பெண்ணுக்கு நாமே எடுத்துரைத்திருக்கிறோம்.

தான் செய்யாத பொய்க்கு, அறியாமல் பெயர் கொடுத்தவர் பொறுப்பாளி ஆவாரா? செய்தல், செய்வித்தல், செய்வார்க்கு உடன்படுதல் என வினையை மூவகையாகப் பகுத்துப் பார்த்துப் பழகிய நம் முன்னோர்க்கு இக்கேள்வி புதியதாக இராது. ஆனால் இக்காலப் பல்கலைக்கழகங்களில் அதற்கு விடை காண்பது அத்தனை எளிதன்று. நம் நாட்டிலேயே நடந்த ஒரு நிகழ்ச்சியை எண்ணிப் பார்ப்போம்.

சண்டிகரிலுள்ள பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியராக இருந்த வி. ஜே. குப்தா, இமயமலைப் பாறைகளிற் கிடைத்தனவாகப் பலவகைத் தொல்லுயிர்ப் படிவங்களை இருபது ஆண்டுகளுக்கும் மேலாக விவரித்து எழுதிவந்தார். அவர் பெயரில் முந்நூறுக்கும் மேற்பட்ட வெளியீடுகள் இருந்தன. 1989-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மக்குவாரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் டேலண்ட் என்னும் அறிஞர் 'நேச்சர்' இதழில் எழுதிய கட்டுரை அந்தப் புகழைக் குலைத்தது. இமயத்திற் கண்டெடுத்ததாகக் கூறப்பட்ட படிவங்களுட் சில, மொராக்கோ நாட்டின் எர்ஃபூத் பகுதியிற் கிடைப்பவற்றை அப்படியே ஒத்திருந்தன. அவை சுற்றுலாப் பயணிகளுக்குக் கடைகளில் விற்கப்படும் பொருள்கள். வேறு சில, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து ஓடை ஒன்றின் கரையிற் கிடைத்தவற்றோடு ஒத்திருந்தன. பல்கலைக்கழகம் விசாரணை நடத்தியது. அவருடன் பணியாற்றிக் கட்டுரையில் தம் பெயரையும் சேர்த்திருந்த ஒருவர், பின்னர் வெளிப்படையாகவே அவருக்கு எதிராகப் பேசினார்.

ஒரு கல்லைப் பற்றிய பொய்யால் யாருக்கு என்ன கேடு என்று நம்மில் சிலர் கேட்கலாம். பாறை அடுக்குகளின் வயதை நிலவியலார் கணிப்பதற்குப் பெரிதும் துணைநிற்பவை அவற்றினுள் கிடைக்கும் உயிர்ப் படிவங்களே. இன்ன படிவம் இன்ன பாறையில் இருந்தது என்றால், அப்பாறை இன்ன காலத்தது. அக்காலத்தில் அவ்விடம் கடலாக இருந்தது. இன்ன நிலப்பகுதியோடு அது தொடர்புற்றிருந்தது என்று முடிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிச் செல்கின்றன. அடியில் ஒரு கல் பொய்யானால் மேலே உள்ள அனைத்தும் ஐயத்துக்கு உரியவை ஆகின்றன. பின்னால் வரும் மாணவன் ஒருவன், எது மெய், எது பொய் என்று பிரித்தறியவே தன் இளமையிற் சில ஆண்டுகளைச் செலவிட வேண்டியிருக்கும். அந்த ஆண்டுகளை அவனுக்கு யார் திருப்பித் தருவார்? களவு என்றால் இருப்பவரிடமிருந்து எடுப்பது என்றே எண்ணுகிறோம். ஆய்வில் நிகழும் களவு, இன்னும் பிறவாதவரிடமிருந்தும் எடுத்துக்கொள்கிறது.

அவருடன் பெயர் சேர்த்துக்கொண்டவர்களுள் பிறநாட்டு வல்லுநர்கள் பலர். படிவம் அவர்கள் கைக்கு வந்தது. இன்ன மலையிற் கிடைத்தது என்று சொல்லப்பட்டது. அவர்கள் தம் துறை அறிவைக் கொண்டு நேர்மையாகவே அதை விவரித்தார்கள். அவர்கள் விவரித்த படிவம் மெய்யானது. அது கிடைத்த இடந்தான் மெய்யன்று. இவர்களைக் குற்றவாளிகள் என்று கூற நமக்கு மனம் வரவில்லை. உடன் உழைப்பவரை நம்பாமல் ஆய்வு நடவாது. ஒவ்வொருவரும் மலையேறிப் பார்த்த பின்பே எழுதுவது என்றால் எழுத்தே நின்றுபோகும். ஆயினும், எந்த ஓடை, எந்த அடுக்கு, உடன் வந்தவர் யார் என்று ஒரு கடிதம் எழுதிக் கேட்டிருக்கலாம் அல்லவா? மலையேறுவதற்கும் வாளா இருப்பதற்கும் இடையில் கேள்வி கேட்பது என்றொன்று இருக்கிறது.

இவ்வேறுபாட்டை ஒரு பல்கலைக்கழகமே எடுத்துக்காட்டியதுண்டு. தென்கொரியாவில் சோல் தேசியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹ்வாங் வூ-சுக், மனிதக் கருமுட்டையிலிருந்து ஸ்டெம் செல்களை உருவாக்கியதாக 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் 'சயின்ஸ்' இதழில் எழுதிய இரு கட்டுரைகளும் புனைந்துரை என்று அப்பல்கலைக்கழகத்தின் விசாரணைக் குழுவே 2006 ஜனவரியில் அறிவித்தது. தீரா நோயால் வருந்துவோர் எத்தனை பேர் அச்செய்தியை நம்பிக் காத்திருந்தார்களோ! 2005-ஆம் ஆண்டுக் கட்டுரையின் மேல் 25 பேர் பெயர்கள் இருந்தன. அவற்றுள் முதன்மையான ஒன்று, அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்ட் ஷாட்டனுடையது. அவர் அந்தச் சோதனைகளைச் செய்தவரல்லர். அவர் பல்கலைக்கழகம் அமைத்த குழு, பொய்ப் புள்ளிகளைப் படைத்ததில் அவருக்குப் பங்கில்லை என்று தெளிவாகவே கூறியது. ஆனால், மூத்த ஆசிரியர் என்னும் பெருமையை ஏற்றுக்கொண்டவர் அதற்குரிய சரிபார்க்கும் கடமையைத் தட்டிக்கழித்தார் என்றும், அது ஆய்வாளருக்குத் தகாத நடத்தை என்றும் அக்குழு எழுதிவைத்தது. பொய்யர் என்ற பழி இல்லை. குற்றமற்றவர் என்ற சான்றும் இல்லை. நமக்கு இத்தீர்ப்பு மிகவும் நியாயமாகவே படுகிறது.

மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழுவும் 2013-இல், கட்டுரையாசிரியர் எனப்படுவோர்க்கு ஒரு நிபந்தனையைப் புதிதாகச் சேர்த்தது. கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றி ஐயம் எழுந்தாலும் அது முறையாக ஆராயப்பட்டுத் தீர்க்கப்படுமாறு பார்த்துக்கொள்ள ஒவ்வோர் ஆசிரியரும் உடன்பட வேண்டும் என்பது அது. எல்லாவற்றையும் தானே செய்திருக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. கேள்வி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளக் கூடாது என்றே கேட்கிறார்கள்.

நம் நாட்டிலும் விதிகள் இல்லாமல் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் எழுத்துத் திருட்டைத் தடுக்க ஒழுங்குமுறைகளை வகுத்தது. பிறர் எழுத்தோடு ஒற்றுமை பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. அறுபதைத் தாண்டினால் ஆய்வு மாணவரின் பதிவே நீக்கப்படும். கணிப்பொறி கணக்கிட்டுச் சொல்லிவிடுகிறது. (ஒன்பது விழுக்காடு திருடினால் நல்லவன் என்று எண்ணிக்கொள்ளும் மாணவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்வி.) ஆய்வு நெறி பற்றிய பாடம் ஒன்றையும் முனைவர் பட்ட மாணவர்க்கு அக்குழு 2019-இல் கட்டாயமாக்கியது. ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் இதழில் கட்டுரை வெளியிட்டே தீரவேண்டும் என்றிருந்த விதியை 2022-இல் நீக்கியது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. ஆனால் உழைக்காதவரின் பெயர் ஒரு கட்டுரையின் மேல் இருப்பதை எந்தக் கணிப்பொறியாலும் கண்டுபிடிக்க இயலாது. வேலைக்கும் பதவி உயர்வுக்கும் கட்டுரைகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் உள்ளவரையில், பெயரைப் பண்டமாற்றுச் செய்யும் வழக்கமும் போகாது என்றே நாம் அஞ்சுகிறோம்.

உரியவர் பெயர் மறைக்கப்படுவதும் இதே தவற்றின் மறுபக்கம். இங்கு நம் சமூகத்தோடு தொடர்புடைய ஒரு செய்தியை நினைவுகூராமல் இருக்க முடியவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். சைவச் சூழலில் வளர்ந்த அவருக்குச் சமண நூற்கருத்துகள் பல விளங்கவில்லை. அவ்வூர்ச் சைனர் இல்லங்களுக்குச் சென்று, சந்திரநாத செட்டியார் முதலியோரிடம் கேட்டுத் தெளிந்தார். பட்டமோ பதவியோ இல்லாத இல்லறத்தார் அவர்கள். கேட்டதைத் தாமே கண்டறிந்ததாக அவர் எழுதியிருந்தால் மறுப்பதற்கு ஆள் இருந்திராது. அவரோ பிற்காலத்தில் எழுதிய தம் வாழ்க்கை வரலாற்றிலும் அவர்கள் உதவியை மறவாமல் விரிவாகக் குறித்துவைத்தார். அதனாலன்றோ அப்பெயர்கள் இன்று நமக்குத் தெரிகின்றன!

நம் உறவினர் பெண்ணின் செய்தி மிச்சமிருக்கிறது. அவள் நம் அறிவுரையைக் கேட்கவில்லை. ஊர் திரும்பியதும் அம்மூத்த மாணவரிடம், "அண்ணா, பெயர் சேர்க்குமுன் உங்கள் குறிப்பேட்டை ஒருமுறை பார்க்கலாமா?" என்று கேட்டிருக்கிறாள். அவர் மனம் வருந்தினாராம். ஆனாலும் எடுத்துக் காட்டினார். கட்டுரையின் வரைபடத்தில் இல்லாத மூன்று அளவீடுகள் குறிப்பேட்டில் இருந்தன. அவற்றை விட்டதற்குக் காரணம் எங்கும் எழுதப்படவில்லை. அந்தச் சோதனையை அவர் மீண்டும் செய்ய வேண்டியதாயிற்று. கட்டுரை ஆறேழு மாதம் கழித்து, அவள் பெயர் இல்லாமல் வெளிவந்தது. தன் கட்டுரையிலும் அவள் உழைத்தவர் பெயரை மட்டுமே சேர்த்தாள். நெறியாளருக்கு அதில் மகிழ்ச்சி இல்லை. அவளுடைய இயல்கள் அவர் மேசையில் நெடுநாள் கிடந்தன. ஏறத்தாழ ஓராண்டு தாமதம். உதவித்தொகை நின்றுபோன அம்மாதங்களில், அவள் தந்தையார் நெல் விற்ற பணத்தை அனுப்பிக்கொண்டிருந்தார். எதிரே சந்தித்தபோது நம்மிடம் அதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

பட்டம் பெற்ற பின் ஊருக்கு வந்தபோது ஆய்வேட்டின் ஒரு படியைக் கொண்டுவந்து காட்டினாள். நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டினோம். நெறியாளர் பெயர் முதலில் இருந்தது. குறிப்பேட்டைக் காட்டிய மூத்த மாணவர் பெயர் இருந்தது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி அடுக்கிவைக்கும் ஊழியர் ஒருவரின் பெயர், அவர் செய்த வேலையுடன் குறிக்கப்பட்டிருந்தது. பெற்றோர் பெயர்கள் இருந்தன. நம் பெயர் அதில் இல்லை.