பிள்ளைக்கு முன்னால சொல்லாதேங்கோ

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு பெண்பிள்ளையின் முள்ளந்தண்டு வளைந்திருப்பதைப் பல வேளைகளில் டொக்டருக்கு முன்பே வேறொருவர் கண்டுவிடுவார். சாமத்திய வீட்டுக்குச் சட்டை தைக்க அளவெடுக்கும் தையற்காரி, ஒரு தோள் இறங்கியிருக்கிறதே என்பார். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையின் விளிம்பு ஒரு பக்கம் தூக்கி நிற்பது அம்மாவின் கண்ணில் படும். பிறகு எக்ஸ்ரே, சனல் பண்ணி இரவுவரை காத்திருப்பு, விசேட வைத்திய நிபுணரின் அறை. உள்ளே போனதும் பெற்றோர் குரலைத் தாழ்த்திக் கேட்பது ஒன்றுதான்: "பிள்ளைக்கு முன்னால ஒண்டும் சொல்லாதேங்கோ டொக்டர், பயந்திடுவாள்."

டொக்டர் அதற்கு இணங்கலாமா?

இந்த வேண்டுகோளுக்குப் பின்னால் இருப்பது அன்பு. அதைக் கொச்சைப்படுத்த வேண்டியதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் முண்ணாண், கால் விளங்காமற்போகும் ஆபத்து என்றெல்லாம் சொன்னால் அவள் இரவில் எப்படித் தூங்குவாள்? ஆனால் ஸ்கோலியோசிஸ் எனப்படும் இந்த முள்ளந்தண்டு வளைவு மறைத்துச் சமாளிக்கக்கூடிய நோயல்ல. வளைவு 10 பாகையைத் தொட்டாலே அதற்கு அந்தப் பெயர். வளரும் வயதில் 25 பாகையைத் தாண்டினால் பிரேஸ் எனப்படும் கடினமான பிளாஸ்டிக் கவசம் போடச் சொல்வார்கள். 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், பிரேஸ் அணிந்தவர்களில் 72 வீதமானோரின் வளைவு சத்திரசிகிச்சை தேவைப்படும் அளவை எட்டவில்லை. அணியாதவர்களில் அது 48 வீதம். அந்த ஆய்வில் நாளுக்குக் குறைந்தது 18 மணித்தியாலம் அணியச் சொன்னார்கள். கூடிய நேரம் அணிந்தவர்களுக்கே கூடிய பலன். கொழும்பு வெக்கையில், பள்ளிச் சட்டைக்குள், காரணம் தெரியாத பிள்ளை அதை எத்தனை நாள் போடுவாள்? கழிப்பறையில் கழற்றிப் புத்தகப்பையில் வைத்துவிடுவாள்.

சத்திரசிகிச்சையில் இது இன்னும் கூர்மையாகிறது. பொதுவாக 50 பாகையளவில் அந்தப் பேச்சு வரும். முள்ளென்புகளில் திருகாணிகளை இறக்கி, கம்பிகளால் நிமிர்த்தி, எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைப்பார்கள். ஒட்டிய பகுதி பிறகு வாழ்நாள் முழுக்க வளையாது. இதில் ஒரு கட்டம் உண்டு. பிரெஞ்சு மருத்துவர் ஸ்டாக்னாராவும் அவருடைய சகாக்களும் 1973இல் எழுதிய விழிப்புச் சோதனை அது. முதுகு திறந்து கிடக்கும்போதே மயக்கத்தைக் குறைத்து, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கையை இறுக்கு என்பார்கள்; பிறகு காலை அசை என்பார்கள். கால் அசைந்தால் முண்ணாணுக்குச் சேதமில்லை. இப்போது நரம்பைக் கண்காணிக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும் கருவி இல்லாத இடத்திலும், அதன் சமிக்ஞை சந்தேகத்தைக் கிளப்பும்போதும் இந்தச் சோதனைக்குத்தான் திரும்புகிறார்கள். அதாவது, பிள்ளைக்கு ஒன்றும் தெரியவேண்டாம் என்று ஒதுக்கிய அதே மருத்துவம், மிக ஆபத்தான நிமிடத்தில் பிள்ளையின் பதிலுக்காகக் காத்து நிற்கிறது. அந்தக் குரல் எந்த மொழியில் வரும், என்ன கேட்கும் என்று முதல்நாளே சொல்லி, செய்தும் பழக்கியிருக்க வேண்டாமா?

மொழி இங்கே சிறிய விஷயமல்ல. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆயினும் தேசிய வைத்தியசாலையில் தமிழ்த் தாய்மார் பலர் பக்கத்துக் கட்டில்காரரின் உதவியோடுதான் டொக்டரின் பேச்சைப் புரிந்துகொள்கிறார்கள். டொக்டர்மாரைக் குறை சொல்லி முடித்துவிடலாம், அது நியாயமாகாது. கிளினிக் நாளில் வாசல்வரை நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பிள்ளைக்கு இருபது நிமிடம் என்பது எவ்வளவு பெரிய கோரிக்கை என்று தெரியும். ஆனாலும் பல மணித்தியாலம் செலவிட்டு ஒரு முதுகைத் திறப்பவர், அதற்கு முன் இருபது நிமிடம் அந்த முதுகுக்காரியோடு பேசுவதை மேலதிக வேலையாகக் கருதக்கூடாது. அதுவும் சத்திரசிகிச்சையின் பகுதிதான்.

சொல்வது ஒன்று, முடிவை அவளிடம் விடுவது இன்னொன்று. சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 12ஆம் உறுப்புரை, பிள்ளையின் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புக் கொடுக்கச் சொல்கிறது. வீட்டோ அதிகாரம் கொடுக்கவில்லை. மதிப்பின் அளவை வளைவே தீர்மானிக்கலாம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. நெஞ்சுப்பகுதி வளைவு 80, 90 பாகை என்று போய் மூச்சை நெருக்கும் நிலையில், பிள்ளை அழுதாலும் பெரியவர்கள் முடிவெடுக்கத்தான் வேண்டும். 50ஐ ஒட்டிய வளைவில் கதை வேறு. அயோவாவில் சிகிச்சை பெறாத 117 பேரை ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து, 2003இல் வெளியிட்ட ஆய்வு, முதுகுவலியும் தோற்றம் பற்றிய மனக்குறையும் இருந்தாலும் அவர்களில் பெரும்பாலோர் மற்றவர்களைப் போலவே வேலை செய்து வாழ்ந்ததைக் காட்டியது. தோற்றமே முக்கிய காரணமாகும் இடத்தில், அந்தத் தோற்றத்துக்கு உரியவளின் வாக்கு அம்மா அப்பாவின் வாக்கைவிடக் கனமானது. "நாளைக்குக் கல்யாணம் பேசேக்கை" என்ற வாதம் அங்கே எடுபடக்கூடாது.

கல்யாணப் பேச்சு சத்திரசிகிச்சைக்குப் பிறகும் வரும். தழும்பு தெரியாமல் சட்டையின் பின்கழுத்தை ஏற்றித் தைப்பிக்கும் வீடுகள் உண்டு. துணைவராக வருபவர் அறிந்திருப்பது நியாயம். அதைச் சொல்லும் நேரமும் வாயும் அவளுடையவை, தரகருடையவையல்ல. மறைக்கச் சொல்லி வளர்த்த பிள்ளை டொக்டரிடமும் மறைப்பாள், கேடு அங்கேதான் தொடங்குகிறது. இடுப்புவரை ஒட்டிய முள்ளந்தண்டென்றால், பிரசவத்தில் முதுகில் ஊசி போட வரும் டொக்டருக்கு எந்த முள்ளென்பு தொடங்கி எதுவரை ஒட்டியது என்று தெரியவேண்டும். எம்ஆர்ஐ எடுப்பவருக்கு உள்ளே இருப்பது என்ன உலோகம் என்று தெரியவேண்டும். கம்பியின் கேடு பிந்தித் தெரியவருவதும் உண்டு. அமெரிக்கரான போல் ஹரிங்டன் 1962இல் உலகுக்கு அறிவித்த நேர்க்கம்பி, சிலருக்குக் கீழ்முதுகின் இயல்பான வளைவையே தட்டையாக்கி வலியைக் கொடுத்தது என்பது பல ஆண்டுகள் கழித்தே தெளிவானது. இன்றைய கம்பிகளைப் பற்றியும் இன்னும் நாற்பது ஆண்டில் ஏதாவது தெரியவரலாம்.

அப்போது அந்த டொக்டர் இளைப்பாறியிருப்பார். பிள்ளை டொரண்டோவிலோ லண்டனிலோ இருப்பாள். அவள் கையில் மிஞ்சுவது ஆங்கிலச் சுருக்கெழுத்துகள் நிறைந்த ஒரு டயக்னோசிஸ் கார்ட். பல வீடுகளில் அதுவும் மழை ஒழுகி நனைந்த எக்ஸ்ரே உறைக்குள் ஒட்டிப்போய்க் கிடக்கும். பிள்ளைக்குச் சொல்லாமல் விட்ட தவறை நீதிமன்றம் திருத்தாது. சொய்சா எதிர் அர்சகுலரத்ன என்ற மருத்துவக் கவனயீன வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் காட்டியபடி, கவனயீனம் மட்டும் போதாது. அதனால்தான் கேடு விளைந்தது என்றும் நிறுவ வேண்டும். சொல்லாமல் விட்ட ஒரு சொல்லை அப்படி நிறுவுவது கடினம்.

ஆகவே பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டுக்கு வரும் நாளில் சத்திரசிகிச்சைக் குறிப்பின் பிரதியைக் கேளுங்கள்: எந்த முள்ளென்புகள், என்ன உலோகம், எந்தத் திகதி, யார் செய்தது. தராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். அதைக் கிளினிக் கொப்பியோடு சேர்த்துப் பிள்ளையின் பெயரில் ஒரு கோவையாக வையுங்கள். ஒவ்வொரு வரியும் என்ன சொல்கிறது என்று அவளுக்கு விளக்க டொக்டரிடம் நேரம் கேளுங்கள். பதினெட்டு வயதில் கோவையை அவள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.