துணையும் தன்முயற்சியும்

நெஞ்செலும்பைப் பிளந்து இருதயத்திற் சத்திர சிகிச்சை செய்யப்பெற்றோர்க்கு அவ்வெலும்பு ஒருவாறு கூடுதற்கு 6 முதல் 8 வாரம் செல்லும். அதுகாறும் கைகளை ஊன்றி எழுந்திருத்தலும் பாரந் தூக்குதலும் அவர்க்கு விலக்காம். எழுப்புதற்கும் நீராட்டுதற்கும் பிறர் கை வேண்டும். இங்ஙனம் பிறரைச் சார்ந்திருத்தல் இழிவாமோ எனின், ஆகாதென்பதே நம் துணிபு. ஒளியின்றிக் கண் காணாது. அதுபற்றிக் கண்ணை இகழ்வார் இலர். சார்ந்து விளங்குதல் உயிர்க்கு இயல்பே.

ஆயின், ஒளி கண்ணுக்குத் துணையாவதன்றிக் கண்ணின் பொருட்டுத் தான் காண்பதில்லை. பணிவிடை செய்வோர் உணரற்பாலது இதுவே. வாளா கிடப்பின் தசை மெலியும். இரத்தம் உறைதலும் கூடும். மருத்துவர் சின்னாளிலேயே நோயாளரை நடக்கச் செய்தல் இதுபற்றியேயாம். அவர் தாமே உண்ண வல்லராய பின்னும் அன்பு மிகுதியால் ஊட்டுவோர், மீண்டு வரும் ஆற்றலைத் தடுப்போரே யாவர். ஆகலின், வேண்டுங்காற் கைகொடுத்தலும், வேண்டாக்கால் அக்கையை விலக்கிக் கோடலும் ஒருங்கே அன்பாமென்று நாம் அறிதல் வேண்டும்.