அடைக்கலப் பொருள்

மதுரையின் புறஞ்சேரியில் மாதரி என்னும் ஆயர்குலப் பெண்ணிடம் கவுந்தி அடிகள் கண்ணகியை அடைக்கலமாக ஒப்படைத்தார். அதன் பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். கோவலன் கொலையுண்டான், மதுரை எரிந்தது. இதில் மாதரி செய்த பிழை என்ன? ஒன்றும் இல்லை. இருக்க இடம் கொடுத்தாள், சமைக்கப் புதுக் கலங்கள் கொடுத்தாள், தன் மகள் ஐயையைத் துணைக்கு வைத்தாள். ஆயினும் அடைக்கலத்தை இழந்துவிட்டேனே என்று அவள் தீயில் புகுந்ததாகச் சிலப்பதிகாரம் சொல்கிறது. இன்றைய நீதிமன்றம் அவளைக் கூண்டில் ஏற்றவே ஏற்றாது. ஆனால் அவள் தன்னையே ஒரு கூண்டில் ஏற்றிக்கொண்டாள். பிறர் பொருளை வைத்திருப்பவன், கெட்ட எண்ணம் சிறிதும் இல்லாமலே அதை இழந்துவிட்டால், அவன் குற்றவாளியா?

புராதனமான இந்தக் கேள்வியைக் கும்மிடிப்பூண்டியில் ஒரு லேத் பட்டறையில் மறுபடி சந்திப்பேன் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர் கும்மிடிப்பூண்டி. அங்கே சிப்காட் வளாகத்தில் பெரிய ஆலைகள் இருக்கின்றன. இரும்பு உருக்குகிறார்கள், கம்பி இழுக்கிறார்கள். அந்த ஆலைகளின் நிழலில் சின்னச் சின்னப் பட்டறைகள் பிழைக்கின்றன. பெரிய கம்பெனி ஒரு டிராயிங் கொடுக்கும். பட்டறைக்காரர் அதன்படி கடைந்து, துளைத்து, தேய்த்துக் கொடுப்பார். டிராயிங் அவருடையது அன்று. வேலை முடிந்தாலும் அவரிடம் இருக்கும். அடுத்த ஆண்டு அதே உறுப்பு மறுபடி வேண்டியிருக்கும் அல்லவா? ஆக, அது அடைக்கலப் பொருள்தான்.

ஒரு காலத்தில் அந்த டிராயிங் நீலத்தாளில் வந்தது. எண்ணெய்க் கறையும் விரல் அடையாளமும் படிந்து இரும்பு பீரோவில் கிடக்கும். எலி கடித்தால் கண்ணுக்குத் தெரியும். இப்போது அது கம்ப்யூட்டரில் இருக்கிறது. அதைவிடவும், ‘மேகத்தில்’ இருக்கிறது என்கிறார்கள். எவ்வளவு அழகான பெயர்! யாரோ ஒருவருடைய கட்டிடத்தில், யாரோ ஒருவருடைய இயந்திரத்தில், யாரோ ஒருவர் கொடுக்கும் மின்சாரத்தில் இருக்கும் பொருளுக்கு மேகம் என்று பெயர் வைத்தவர் கவியாகத்தான் இருக்க வேண்டும்; அல்லது கெட்டிக்கார வியாபாரியாக.

என் நண்பர் பட்டறையில் படம் வரைந்துகொண்டிருந்த இளைஞன் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். மூன்று மாதம் கழித்து ஒரு கம்பெனியிலிருந்து பழைய ஆர்டர் மறுபடி வந்தது. கம்ப்யூட்டரைத் திறந்தார்கள். கோப்புகளின் பெயர்களெல்லாம் வரிசையாகத் தெரிந்தன. திறக்கப் போனால் திறக்கவில்லை. பெயர் மட்டும் இங்கே, உள்ளடக்கம் மேகத்தில். வட்டில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. வீட்டு வாசலில் பெயர்ப்பலகை தொங்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டார். மேகத்துக் கணக்கோ அந்த இளைஞனின் சொந்தப் பெயரில் இருந்தது.

நண்பர் தொலைபேசியில் கொதித்தார். “தம்பி, அது கம்பெனி டிராயிங் ஆயிற்றே, உன் கணக்கிலே எப்படி வைக்கலாம்?”

“தனிக் கணக்கு வாங்கிக் கொடுங்க சார்னு ரெண்டு தடவை கேட்டேன். எதுக்குடா மாசாமாசம் பணம், உன்னோடதுலேயே வெச்சுக்கன்னு நீங்கதான் சொன்னீங்க.”

அந்தப் பையன் நல்லவன். ஞாயிற்றுக்கிழமை ரயிலேறி வந்து திறந்து காட்டினான். முழு இயந்திரத்தின் படம் திறந்தது. ஆனால் பல இடங்களில் உறுப்புகள் இல்லாமல் ஓட்டை ஓட்டையாக. இத்தகைய படங்களில் முழுமைக் கோப்பு என்பது பெரும்பாலும் ஒரு முகவரிப் பட்டியல்தான். உறுப்பு ஒவ்வொன்றும் தனிக் கோப்பாக வேறிடத்தில் இருக்கும். அந்த உறுப்புகளின் பெட்டியை அவன் தன் கைபேசியில் இடமில்லை என்று அழித்திருக்கிறான். அங்கே அழித்தது மேகத்திலும் அழிந்தது. மேகத்தில் அழிந்தது பட்டறையிலும் அழிந்தது. குப்பைக்கூடையில் 30 நாள் காத்திருந்துவிட்டு அதுவும் போய்விட்டது. எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதை நண்பர் பாதுகாப்பு என்று நினைத்திருந்தார். அது கண்ணாடி. கண்ணாடிக்கு முன்னால் இருப்பவன் விழுந்தால் கண்ணாடிக்குள் இருப்பவனும் விழுவான்.

தேடியதில் ஒரு பழைய பென் டிரைவ் அகப்பட்டது. அதில் சில கோப்புகள் இருந்தன. பட்டறையில் இருந்த ஆட்டோகேட் 2017-ம் ஆண்டுப் பதிப்பு; கோப்புகள் 2018-ம் ஆண்டு அமைப்பில் சேமிக்கப்பட்டவை. பழைய பதிப்பு புதிய அமைப்பைப் படிக்காது. மாற்றித் தருகிற வழிகள் இருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொள்வதில் இன்னும் இரண்டு நாள் போயிற்று.

கடைசியில் கைகொடுத்தவர் அங்கே நெடுங்காலமாக வேலை செய்யும் டர்னர். கழிவு இரும்புக் குவியலைக் கிளறி, தேய்ந்துபோன பழைய உறுப்பு ஒன்றை எடுத்தார். வெர்னியர் வைத்து அளந்து, பென்சிலால் ஒரு படம் போட்டார். “அளவு கிடைச்சிடுச்சு முதலாளி. ஆனா இந்த இடத்துல இருக்கிற இடைவெளி வேணும்னு வெச்சதா, தேஞ்சு வந்ததான்னு எனக்குத் தெரியாது” என்றார்.

அவர் சொன்னது என்னை வெகு நேரம் பிடித்து வைத்துக்கொண்டது. வடிவம் பொருளில் இருக்கிறது. நோக்கம் படத்தில்தான் இருக்கிறது. எந்த உலோகம், எவ்வளவு கடினம், எத்தனை நூலிழை விலகலாம் என்பதெல்லாம் வரைந்தவர் மனத்திலிருந்து காகிதத்துக்கு வந்தவை. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், பூண்டிக்கு அருகே அதிரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமையானவை என்று 2011-ல் கணித்து வெளியிட்டார்கள். கோடரி இருக்கிறது, அதைச் செய்தவன் எதற்காக அந்த விளிம்பை அப்படிச் சீவினான் என்பதை ஆராய்ச்சியாளர்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது. படத்தைத் தொலைப்பவன் வெறும் கோடுகளையா தொலைக்கிறான்? ஒருவன் யோசித்ததைத் தொலைக்கிறான்.

பணம் கொடுத்துத் தனிக் கணக்கு வாங்கியிருந்தால் எல்லாம் சரியாக இருந்திருக்கும் என்று நண்பர் இப்போது சொல்கிறார். எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. குஜராத்தில் வாடினாரில் பெரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி, பணம் கட்டிய வாடிக்கையாளர்தான். அதில் ரஷ்ய நிறுவனம் ஒன்றுக்கு ஏறத்தாழப் பாதிப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்ததும், மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்திற்று. இந்தியச் சட்டத்தில் அந்தத் தடைக்கு இடமில்லை. ஆனால் சாவி இந்தியாவில் இல்லை. தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். சில நாளில் சேவை திரும்பியது. கும்மிடிப்பூண்டிப் பட்டறை எந்த நீதிமன்றத்துக்குப் போகும்?

அதே ஆண்டு செப்டம்பரில் தென்கொரியாவில் தேஜோன் நகரத்து அரசுத் தகவல் மையத்தில் தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் தங்கள் வேலைக் கோப்புகளைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைக்காமல் பொதுச் சேமிப்பகத்தில் வைக்குமாறு பழக்கப்படுத்தப்பட்டிருந்தார்கள். அந்தச் சேமிப்பகத்தில் இருந்த 858 டெராபைட் எரிந்து போயிற்று. வெளியே நகல் இல்லை. காரணம் கேட்டால், நகல் எடுக்க முடியாத அளவுக்குப் பெரிது என்றார்கள்! இழக்க முடியாத அளவுக்குப் பெரிது என்று யாருக்கும் தோன்றவில்லை.

நாம் இதில் சிரிக்க உரிமையற்றவர்கள். ஏட்டுச்சுவடிகளை வைத்திருந்த குடும்பங்கள் சரஸ்வதி பூஜையன்று அவற்றுக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டன, பிரித்துப் பார்க்கவில்லை. செல் அரித்தது. கரிவலம்வந்தநல்லூரில் பழைய ஏடுகளை நெய்யில் தோய்த்து ஹோமத் தீயில் இட்டுவிட்டதாகக் கேட்டு வருந்தியதை உ.வே.சாமிநாதையர் தம் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார். பக்திக்குக் குறைவில்லை, பிரதி எடுப்பதற்குத்தான் ஆளில்லை. என் நண்பரும் ஆயுத பூஜையன்று ஹார்டு டிஸ்குக்குப் பொட்டு வைக்கிறார்.

மூன்று பிரதி வை, இரண்டு வகைப் பொருளில் வை, ஒன்றையாவது வேறிடத்தில் வை என்று பீட்டர் க்ரோ என்னும் அமெரிக்கப் புகைப்படக்காரர் ஒரு விதி சொன்னார். உலகம் அதை இன்று ஓதுகிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் கண்ட இந்த வட்டாரத்துக்கு, பீரோவும் கம்ப்யூட்டரும் ஒரே தண்ணீரில் மிதக்கும் என்பதை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விதியில் சொல்லாத ஒன்றை விவசாயி அறிவான். விதைநெல்லைக் கோட்டையில் கட்டி வைத்ததோடு அவன் நிம்மதியாக உறங்கவில்லை. விதைக்கும் முன் ஒரு பிடி எடுத்து, ஈரத் துணியில் முடிந்து, முளைக்கிறதா என்று பார்த்தான். முளைக்காத நெல் கோட்டையில் இருந்தென்ன, இல்லாமல் இருந்தென்ன?

இதைச் சொன்னபோது நண்பர் ஒரு தடை எழுப்பினார். அதை லேசாகத் தள்ள முடியவில்லை. கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்தில், டிராயிங்கைப் பிரதி எடுக்கக் கூடாது, வெளியே கொண்டுபோகக் கூடாது என்று இருக்கிறதாம். ஒரு பிரதி கூடினால் திருடனுக்கு ஒரு கதவு கூடும். காப்பாற்று என்கிறது ஒரு கடமை. மறைத்து வை என்கிறது இன்னொன்று. கண்ணகியை ஒரே வீட்டில் ஒளித்து வைத்த மாதரிக்கு இந்தச் சங்கடம் இல்லை.

நான் சொன்னேன்: “அதைக் கம்பெனியையே கேளுங்கள். எத்தனை பிரதி, எங்கே, யாரிடம் சாவி என்று எழுதி வாங்குங்கள். மாதம் ஒருமுறை ஒரு கோப்பை எடுத்து, வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பாருங்கள்.”

“மாதம் ஒரு மணி நேரம் ஆகும். அதற்குக் கூலி யார் கொடுப்பார்கள்?” என்றார்.

ஒரு துண்டு இரும்புக்கு இத்தனை ரூபாய் என்று பைசா கணக்கில் விலை பேசும் கம்பெனிகள் அந்த ஒரு மணி நேரத்துக்கு ஒரு வரிகூட ஒதுக்குவதில்லை. பட்டறைக்காரரும் அதைக் கேட்டதில்லை. கேட்டால் ஆர்டர் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும் என்ற பயம். விலைப்பட்டியலில் அந்த வரியைச் சேர்த்து அனுப்பப் போவதாக நண்பர் சொல்லியிருக்கிறார். அனுப்பிவிட்டாரா என்று இன்னும் தெரியவில்லை.